முதலில் பதிவு, பிறகு விமான டிக்கெட்: வெளிநாட்டு ஆசிரியர் பணி குறித்து வாசகர் கேள்விகள்

ஆசிரியர் பணிக்காக வெளிநாடு செல்வது பற்றி வந்த கடிதங்களில் பாதி, ‘நல்ல ஏஜென்ட் யார்?’ என்றே தொடங்குகின்றன. அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. அவற்றையும் கேட்ட வாசகர்களின் கடிதங்களே இங்கே இடம்பெறுகின்றன.

எம்.எஸ்ஸி. கணிதம், பி.எட். முடித்து ஒன்பது ஆண்டுகளாக உயர்நிலை வகுப்புகளுக்குக் கற்பிக்கிறேன். முதலில் வேலை தேட வேண்டுமா, ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டுமா?

இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. போக நினைக்கும் இடத்தில் ஆசிரியர்களைப் பதிவு செய்யும் அமைப்பு எது, அது என்னென்ன கேட்கிறது என்று பார்த்துவிடுங்கள். உங்கள் சான்றிதழ்கள் அந்த வாசலில் நுழையுமா என்பது தெரியாமல் செலவழிக்கும் ஒவ்வொரு காசும் வீண்.

பிரிட்டன் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அங்கே ஏற்பாடுகள் நான்கு. இங்கிலாந்தில் ‘க்யூ.டி.எஸ்.’ எனப்படும் தகுதிபெற்ற ஆசிரியர் நிலை. ஸ்காட்லாந்தில் ஜி.டி.சி.எஸ். என்ற பொது ஆசிரியர் மன்றத்தின் பதிவு. வேல்ஸுக்குக் கல்விப் பணியாளர் மன்றம், வட அயர்லாந்துக்கு வேறொரு மன்றம். இங்கிலாந்தின் க்யூ.டி.எஸ். கையில் இருப்பதாலேயே ஸ்காட்லாந்து அரசுப் பள்ளியில் வகுப்பெடுத்துவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் இரண்டு படி: திறன் மதிப்பீட்டுக்கு ஏ.ஐ.டி.எஸ்.எல். என்ற அமைப்பு; அதன்பின் மாநிலப் பதிவு. நியூ சவுத் வேல்ஸில் நெசா, விக்டோரியாவில் வி.ஐ.டி., குயின்ஸ்லாந்தில் க்யூ.சி.டி. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம், அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஐக்கிய அரபு அமீரகத்துக்குள்ளேயே துபாய்க்கு கே.எச்.டி.ஏ., அபுதாபிக்கு அடெக், ஷார்ஜாவுக்கு ஸ்பியா என்று தனித்தனி ஒழுங்குமுறை அமைப்புகள்.

எங்கே விண்ணப்பித்தாலும் ஐந்து விவரங்களைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். பட்டப்படிப்பு எத்தனை ஆண்டு, ஆசிரியர் பயிற்சி எவ்வளவு காலம், அதில் பள்ளியில் நின்று கற்பித்த நாள்கள் எத்தனை, எந்த வயதுப் பிள்ளைகளுக்கு எந்தப் பாடம், பயிற்சி முடித்த பிறகு முழுநேர அனுபவம் எவ்வளவு. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை நிரூபிக்கும் ஆவணத்தின் பெயரை எழுதுங்கள். எதிரே வெற்றிடம் விழும் வரிதான் உங்கள் முதல் வேலை.

ஆங்கிலத் தேர்வை அவசரப்பட்டு எழுத வேண்டாம். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கப்படும். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கவே எட்டு மாதம் இழுக்கும் நிலையில், முதலிலேயே எழுதிய தேர்வு காலாவதியாகி, மறுபடி கட்டணம் கட்டுபவர்கள் பலர்.

இங்கிலாந்தில் க்யூ.டி.எஸ். வாங்க அங்கே போய் மறுபடி படிக்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

எல்லாருக்கும் அப்படி இல்லை. 2023 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கல்வித் துறை, இணைய வழியில் க்யூ.டி.எஸ். கோரும் முறையை விரிவாக்கியது. அப்போது இந்தியா, சிங்கப்பூர், ஹாங்காங், தென்னாப்பிரிக்கா, நைஜீரியா, கானா, ஜிம்பாப்வே, ஜமைக்கா, உக்ரைன் ஆகிய இடங்களில் பயிற்சி பெற்றவர்களுக்கும் வழி திறந்தது. இவர்களுக்கு வைத்த நிபந்தனை, 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல் அல்லது மொழிகள் கற்பிக்கும் தகுதி இருக்க வேண்டும் என்பது. உங்கள் நாடும் பாடமும் பொருந்துகின்றனவா என்பதை விண்ணப்பத் தளத்தின் தொடக்கக் கேள்விகளே சொல்லிவிடும். பத்து நிமிடம் போதும்; அதற்காக யாரிடமும் பணம் கட்ட வேண்டியதில்லை. விண்ணப்பத்துக்கே கட்டணம் கிடையாது. ‘க்யூ.டி.எஸ். கட்டணம்’ என்று எவராவது கேட்டால் அங்கேயே எழுந்துவிடலாம்.

கேட்கப்படும் ஆவணங்கள்: பிரிட்டிஷ் இளநிலைப் பட்டத்துக்கு இணையான பட்டம், அதே தரத்திலான ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், இரண்டுக்கும் பாடவாரி மதிப்பெண் பட்டியல், அடையாளச் சான்று, ஆங்கிலத் திறனுக்கான சான்று, பயிற்சிக்குப் பிறகு குறைந்தது ஒன்பது மாதக் கற்பித்தல் அனுபவம், ஆசிரியராகப் பணியாற்ற உங்கள் மீது தடை ஏதும் இல்லை என்பதற்கான ஆதாரம்.

விண்ணப்பம் தேங்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, பணி அனுபவத்தை உறுதிசெய்ய நீங்கள் தரும் பரிந்துரையாளரின் மின்னஞ்சல். பழைய பள்ளியின் தலைமையாசிரியர் மாறிப் போயிருப்பார். அல்லது வந்த கேள்வி ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். முன்கூட்டியே அவரிடம் பேசி, பள்ளியின் அதிகாரபூர்வ முகவரியை வாங்கி, ‘இந்தத் துறையிலிருந்து அஞ்சல் வரும், பதில் போடுங்கள் சார்’ என்று சொல்லி வையுங்கள். இரண்டாவது, பயிற்சிச் சான்றிதழில் எந்த வயதினருக்கான பயிற்சி என்பது எழுதப்படாமல் இருப்பது. பாடத்திட்ட நகலோ பல்கலைக்கழகக் கடிதமோ அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். க்யூ.டி.எஸ். வேறு, விசா வேறு. க்யூ.டி.எஸ்.ஸுக்கு ஏற்ற ஆங்கிலச் சான்று விசாவுக்கும் செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆங்கிலத் தேர்வுகளில், குடியேற்றத் துறை தன் பட்டியலில் உள்ள பாதுகாப்பான தேர்வை மட்டுமே ஏற்கும். ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுவதானால் ‘யூ.கே.வி.ஐ.’ என்ற வகையாக இருக்க வேண்டும். சாதாரண அகாடமிக் தேர்வில் 8 எடுத்திருந்தாலும் அங்கே பயன்படாது.

க்யூ.டி.எஸ். இல்லாமலே ஒரு பள்ளி வேலை தருவதாகச் சொல்கிறது. ஏற்கலாமா?

வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர், இங்கிலாந்தின் அரசுப் பராமரிப்புப் பள்ளியில் க்யூ.டி.எஸ். இல்லாமல் நான்கு ஆண்டு வரை பணியாற்ற விதி இடம் தருகிறது. ஆகவே சட்ட விரோதம் எதுவும் இல்லை. சம்பளத்தில்தான் அடி விழும். 2025 செப்டம்பரில் தொடங்கிய கல்வியாண்டில் லண்டனுக்கு வெளியே தகுதிபெற்ற ஆசிரியரின் ஊதிய ஏணியில் முதல் படி ஆண்டுக்கு 32,916 பவுண்ட். தகுதி பெறாதவருக்கான ஊதியம் 22,601 பவுண்டில் தொடங்குகிறது. வீட்டில் இருந்தபடியே இலவசமாக வாங்கக்கூடிய ஒன்றுக்காக ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டை ஏன் விட வேண்டும்? தகுதி இருந்தால் க்யூ.டி.எஸ். கையில் வந்த பிறகே கையெழுத்திடுங்கள்.

கூடவே, எந்தப் படியில் வைக்கப்போகிறார்கள் என்பதைப் பணி நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அது தானாகவே உங்களை மேல் படியில் உட்கார வைக்காது. அதைத் தீர்மானிப்பது பள்ளி. நேர்காணல் முடிந்து ‘உங்களை எடுத்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் நேரத்தில் பேசுவதுதான் பலன் தரும். சேர்ந்த பிறகு பேசினால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு முயன்றேன். கற்பித்தல் பயிற்சி 45 நாள் இல்லை என்று மதிப்பீடு மறுக்கப்பட்டது. எனக்குப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் இருக்கிறதே?

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. ஏ.ஐ.டி.எஸ்.எல். கேட்பது, ஆசிரியர் பயிற்சிப் படிப்பின் பகுதியாக, மேற்பார்வையின் கீழ், பள்ளி மாணவர்களுக்குக் கற்பித்த குறைந்தது 45 நாள்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு சேர்ந்த அனுபவம், பன்னிரண்டு ஆண்டானாலும், அந்தக் கணக்கில் வராது. அதோடு பல்கலைக்கழக நிலையில் மொத்தம் நான்கு ஆண்டுப் படிப்பும் வேண்டும். அதில் குறைந்தது ஓராண்டு ஆசிரியர் பயிற்சி. மூன்றாண்டுப் பட்டமும் ஓராண்டு பி.எட்.டும் சேர்ந்தால் நான்கு ஆகிவிடும். இடிப்பது பெரும்பாலும் அந்த 45 நாள்தான்.

மறுப்பு வந்தவுடன் சோர்ந்துவிடாமல், உண்மையிலேயே நாள்கள் குறைவா, அல்லது கடிதம் சரியாக எழுதப்படவில்லையா என்று பாருங்கள். ‘இவர் கற்பித்தல் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார்’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் எந்தப் பயனும் இல்லை. பல்கலைக்கழகத்தின் முகப்புத் தாளில், பதிவாளர் அல்லது துறைத் தலைவர் கையெழுத்துடன், பயிற்சி நடந்த தேதிகள், மொத்த நாள்கள், மாணவர்களின் வயது அல்லது வகுப்பு, கற்பித்த பாடம், மேற்பார்வை இருந்தது என்பது, எல்லாம் தனித்தனியே வர வேண்டும். வகுப்பை அமர்ந்து கவனித்த நாள்களையும் நின்று கற்பித்த நாள்களையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ‘எட்டு வாரம்’ என்று எழுதாமல் ‘48 வேலை நாள்’ என்று எழுதினால் கேள்வி எழாது. பழைய பதிவேடு கிடைக்காது என்று அலுவலகத்தில் கையை விரித்தால், உங்கள் காலத்துப் பாடத்திட்ட நூலில் பயிற்சி நாள்கள் குறிக்கப்பட்டிருக்கும். அதைக் காட்டிக் கடிதம் கேளுங்கள்.

நாள் உண்மையிலேயே குறைவென்றால், ஏற்கப்படும் பயிற்சியை இன்னொரு படிப்பின் வழியாகப் பெறுவதுதான் வழி. அதற்குச் செலவாகும் காலத்தையும் பணத்தையும் வைத்துப் பார்த்தால், வேறு நாட்டை யோசிப்பது பலருக்கு நல்லது.

ஆங்கிலம் இன்னொரு மலை. ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் வாசிப்புக்கும் எழுத்துக்கும் குறைந்தது 7, பேச்சுக்கும் கேட்டலுக்கும் குறைந்தது 8. மொத்த சராசரி 8 இருந்தும், பேச்சில் 7.5 என்றால் கதை முடிந்தது. கேட்டலில் 8 என்பது 40 கேள்விகளில் ஏறக்குறைய 35 சரியாக எழுதுவது. எழுத்தில் தவறுவோரைவிடப் பேச்சில் அரைப் புள்ளியில் தவறும் ஆசிரியர்கள் அதிகம். காரணம், வகுப்பில் பேசிப் பழகிய சின்னச் சின்னக் கட்டளை வாக்கியங்களிலேயே நின்றுவிடுவது. ஒரு தலைப்பை எடுத்து இரண்டு நிமிடம், காரணம், எதிர்க்கருத்து, உதாரணம் என்று தொடர்ந்து பேசிப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். எங்கே தடுக்குகிறது என்பது தெரியும்.

பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் பட்டச் சான்றிதழில் முன்னெழுத்துடன் வேறு விதமாகவும் என் பெயர் இருக்கிறது. சான்றொப்பம் வாங்கும்போது சிக்கல் வருமா?

வரும். தமிழ்ப் பெயர்களுக்கு இந்தத் தொல்லை சற்று அதிகம். சான்றிதழில் முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் அதே எழுத்து தந்தை பெயராக விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும், திருமணத்துக்குப் பிறகு அது கணவர் பெயராக மாறியிருக்கும். வெளிநாட்டுக் கணினிக்கு இவர்கள் மூன்று ஆட்கள். வரிசை முக்கியம்: முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்து, அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே ஆங்கிலத் தேர்வு, பதிவு விண்ணப்பம், அனுபவச் சான்று எல்லாவற்றிலும் பயன்படுத்துங்கள். பழைய சான்றிதழ்களுக்கு, எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரமும் திருமணச் சான்றிதழும் இணைத்தால் பெரும்பாலும் போதும்.

சான்றொப்பத்தில், போகும் நாடு 1961ஆம் ஆண்டின் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சான்றிதழ் வழங்கிய நாட்டில் ஒட்டப்படும் அப்போஸ்டில் என்ற ஒற்றைச் சான்றோடு வேலை முடியும். சிங்கப்பூருக்கு 2021 செப்டம்பரிலும், சவுதி அரேபியாவுக்கு 2022 டிசம்பரிலும், கனடாவுக்கு 2024 ஜனவரியிலும் இது நடைமுறைக்கு வந்தது. ஓமனும் பஹ்ரைனும் அதற்கு முன்பே சேர்ந்தவை. அமீரகத்துக்கு வழி நீளம்: சான்றிதழ் வழங்கிய நாட்டின் கல்வித் துறை, வெளியுறவுத் துறை, அங்குள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகம். இந்தச் சங்கிலியில் நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் பின்னால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

சான்றிதழை லாமினேட் செய்திருந்தால் முத்திரை குத்த முடியாது. பிரிக்கப் போய் மை உரிந்தவர்கள் உண்டு. இனிமேலாவது செய்யாதீர்கள். எல்லா மதிப்பெண் பட்டியலுக்கும் சான்றொப்பம் வாங்கிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். பள்ளி எதைக் கேட்கிறது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு அதை மட்டும் செய்யுங்கள்.

அமீரகத்தில் மாதம் 9,000 திர்ஹம் என்று ஒரு பள்ளி அழைக்கிறது. ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

9,000 என்ற எண்ணை விட்டுவிட்டு, அதில் அடிப்படை ஊதியம் எவ்வளவு என்று பாருங்கள். பணிக்கொடை கணக்கிடப்படுவது அடிப்படையின் மேல்தான். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை ஊதியம், அதற்குப் பிறகு 30 நாள். ஐந்து ஆண்டு முடித்து வெளியேறினால் 105 நாள், அதாவது மூன்றரை மாத அடிப்படை. அடிப்படை 6,000 என்றால் 21,000 திர்ஹம் கிடைக்கும். அதே 9,000 சம்பளத்தில் அடிப்படையை 3,000 ஆக வைத்து மீதியைப் படிகளாகப் பிரித்திருந்தால் 10,500தான். மாதா மாதம் கையில் வருவது ஒன்றே என்பதால் சேரும்போது யாரும் கவனிப்பதில்லை.

அடுத்து, வீடு. பள்ளி வீடு தருகிறதா, வாடகைப் படியா? வீடு என்றால் தனி வீடா, இன்னொருவருடன் பகிர்வதா, குடும்பத்தை அழைத்து வர முடியுமா? பிள்ளைகளின் கல்விக் கட்டணச் சலுகை எத்தனை பிள்ளைக்கு, எவ்வளவு விழுக்காடு, இடம் உறுதியா? ‘இடம் இருந்தால்’ என்று எழுதியிருந்தால் அது சலுகையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்பதையும் கேளுங்கள்; குறிப்பாக முதல் ஆண்டுக்கு.

தகுதிகாண் காலம் அங்கே ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆளெடுப்புச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்று 2021ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. ஆகவே விசா செலவைச் சம்பளத்தில் பிடிப்போம் என்ற வரி இருந்தால் நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தொலைநிலைக் கல்வியில் பட்டமோ பி.எட்.டோ பெற்றவர்கள், அந்தப் பட்டம் அங்கே ஏற்கப்படுமா என்பதைப் பள்ளி வழியாக ஒழுங்குமுறை அமைப்பிடம் உறுதிசெய்துகொண்ட பிறகே இருக்கும் வேலையை விடுங்கள். வளைகுடாவில் ஆசிரியர்களின் ஒப்புதல் அதிகம் நின்றுபோகும் இடம் இது.

இணைய வழியில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். நன்றாகவே எடுத்தேன், ஆனாலும் தேர்வாகவில்லை. என்ன எதிர்பார்க்கிறார்கள்?

அனுபவமுள்ள ஆசிரியர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள்: அரை மணி நேரத்தில் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடப் பார்க்கிறார்கள். நேர்காணல் குழு பார்ப்பது, பிள்ளைகள் என்ன கற்றார்கள், அதை நீங்கள் எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்பதை.

பின்னங்களைக் கூட்டுவது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். விதியைச் சொல்லிக் கரும்பலகையில் நான்கு கணக்கு போட்டுக் காட்டினால் அது விரிவுரை. அதற்கு மாறாக, தொடங்கியதும் ‘அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு?’ என்று கேட்டு, எல்லாரையும் சிறு பலகையிலோ அரட்டைப் பெட்டியிலோ ஒரே நேரத்தில் எழுதச் சொல்லுங்கள். சிலர் மேலெண்ணோடு மேலெண், கீழெண்ணோடு கீழெண் கூட்டி ஐந்தில் இரண்டு என்பார்கள். ‘ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரியதா, சிறியதா? அரையோடு ஒன்றைச் சேர்த்த பிறகு எப்படிக் குறையும்?’ என்று அந்தத் தவற்றையே எடுத்துக்கொண்டு போங்கள். ஆறு கட்டம் வரைந்து இரண்டையும் நிறம் தீட்டிக் காட்டிப் பொதுக் கீழெண்ணுக்கு வாருங்கள். முடித்தவர்களுக்குச் சற்றுக் கடினமான கணக்கு ஒன்றும், தடுமாறுபவர்களுக்குப் படம் வரைந்த தாள் ஒன்றும் தயாராக இருக்கட்டும். கடைசி மூன்று நிமிடம் எல்லாரும் தனியாகச் செய்ய ஒரே ஒரு கணக்கு. அதன் விடையைப் பார்த்தே வகுப்பை முடியுங்கள். இவ்வளவும் ஒரு பக்கப் பாடத்திட்டமாக முன்கூட்டியே அனுப்பப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி நேரத்தில் குழந்தைப் பாதுகாப்பு கட்டாயம் வரும். ‘ஒரு மாணவி உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லாதீர்கள் என்கிறாள்; என்ன செய்வீர்கள்?’ என்பது போன்ற கேள்வி. ‘அவள் நம்பிக்கையைக் காப்பேன்’ என்ற பதில் உங்களை வெளியே அனுப்பிவிடும். ரகசியமாக வைப்பதாக வாக்குக் கொடுக்க முடியாது என்று அவளிடம் அன்பாகச் சொல்ல வேண்டும். குறுக்கு விசாரணை செய்யாமல் கேட்க வேண்டும். அவள் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொண்டு, பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே, உடனே தெரிவிக்க வேண்டும். இதை மனப்பாடமாகச் சொல்லாமல், ஏன் அப்படி என்று புரிந்து சொல்லுங்கள். குழந்தைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

பணி வரலாற்றில் ஆறு மாதம் காலியாக இருந்தால்கூடக் காரணம் கேட்பார்கள். பிள்ளைப்பேறு, பெற்றோர் உடல்நலம், படிப்பு, எதுவானாலும் விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். மறைத்தால் சந்தேகம் வரும். வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல் துறைச் சான்று கேட்பார்கள் என்பதால், ஒரு நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அதை வாங்கி வைப்பது நல்லது.

ஆசிரியர் பயிற்சி டிப்ளமா மட்டும் இருக்கிறது. தொடக்கப் பள்ளி அனுபவம் 15 ஆண்டு. வாய்ப்பு உண்டா?

முறையான பதிவு கேட்கும் நாடுகளில் பட்டம் இல்லாமல் முடியாது. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மேலே சொன்ன நிபந்தனைகளைப் பாருங்கள். ‘உதவி ஆசிரியர்’ என்ற பெயரில் வரும் அழைப்புகளில் ஊதியமும் விசா தகுதியும் வேறு. வெளிநாடு போகும் எண்ணம் உறுதியானால், நேரடி வகுப்பில் பட்டம் முடித்துவிட்டு முயல்வதே சரி. பதினைந்து ஆண்டு அனுபவம் வீணாகாது; நேர்காணலில் பேசும்.

தமிழ் இலக்கியத்தில் முதுகலை, பி.எட். படித்தவர்களுக்கு வெளிநாட்டில் இடமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் குறுகலான வாசல். சிங்கப்பூரில் தமிழ் ஓர் அதிகாரபூர்வ மொழி. பள்ளியில் தாய்மொழிப் பாடம். அங்கே நியமனம் கல்வி அமைச்சின் கையில், பயிற்சி தேசியக் கல்விக் கழகத்தில். விண்ணப்பத்தை அமைச்சின் தளத்திலேயே செய்ய வேண்டும். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் நடக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் தன்னார்வலர்களால் நடப்பவை. அருமையான பணி செய்கிறார்கள். ஆனால் விசா கொடுத்து ஆள் எடுக்கும் நிலையில் பொதுவாக இருப்பதில்லை. ‘தமிழ்ப் பள்ளி வேலை, விசா உறுதி’ என்று யாராவது சொன்னால் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள்.

அமெரிக்காவின் ஜே-1 ஆசிரியர் விசா நிரந்தரமானதா?

இல்லை. மூன்று ஆண்டு, நீட்டித்தால் மேலும் இரண்டு ஆண்டு வரை. அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு இணையான படிப்பும் இரண்டு ஆண்டு முழுநேர அனுபவமும் வேண்டும். அரசின் அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர் நிறுவனம் வழியாகத்தான் நுழைய முடியும். அனுபவம் பெற்றுத் திரும்பும் பரிமாற்றத் திட்டமாகவே அது வகுக்கப்பட்டிருக்கிறது. போய்ச் சேர்ந்து எச்-1பி என்ற வேலை விசாவுக்கு மாறிவிடலாம் என்ற கணக்கில் வீட்டை விற்றுக் கிளம்ப வேண்டாம்.

பிரிட்டனுக்குக் குடும்பத்தோடு போகிறோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். சம்பளம் வரும் முன் எவ்வளவு பணம் தேவை?

பலருடைய திட்டம் கவிழும் இடம் இது. 2024 பிப்ரவரி முதல், விசா விண்ணப்பத்தோடு கட்டும் மருத்துவக் கூடுதல் கட்டணம் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட், 18 வயதுக்குக் கீழே 776 பவுண்ட். விசா காலம் முழுவதற்கும் முன்பணமாகக் கட்ட வேண்டும். மூன்று ஆண்டு விசாவுக்கு உங்கள் நால்வருக்கும் 10,866 பவுண்ட். விசா கட்டணமும் விமானமும் தனி. இதில் பள்ளி எவ்வளவு ஏற்கும் என்று கேளுங்கள். சில பள்ளிகள் ஆசிரியருடையதை மட்டும் ஏற்கும்.

செப்டம்பர் 1 பணியில் சேர்ந்தால் முதல் சம்பளம் மாதக் கடைசியில். ஆகஸ்ட் நடுவிலேயே போய் வீடு பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் வைப்புத்தொகை பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. முதல் மாத வாடகை அதற்கு மேல். ஆறு முதல் எட்டு வாரச் செலவைக் கையில் வைத்திருங்கள். முடிந்தால் ஆசிரியர் முதலில் போய், வீடு அமைந்த பிறகு குடும்பம் வருவது மன அமைதிக்கு நல்லது. துணைவருக்கு அங்கே வேலை செய்யும் உரிமை உண்டு; அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

ஸ்பான்சர்ஷிப் சான்றுக்கு ஏஜென்ட் பெருந்தொகை கேட்கிறார். வழக்கம்தானா?

பிரிட்டனில் விசாவுக்கு வேண்டிய ஸ்பான்சர்ஷிப் சான்றைப் பள்ளிதான் வழங்குகிறது. அதை விற்பது குற்றம். ஸ்பான்சர் உரிமம் பெற்றவர்களின் பட்டியலை அரசு வெளியிடுகிறது. பள்ளி அரசுடையதானால் உள்ளாட்சியின் பெயரிலோ அறக்கட்டளையின் பெயரிலோ தேடுங்கள். பள்ளியின் பெயர் நேராக இல்லாமல் போகலாம். பிறகு, கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பள்ளியின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் பேசி, உங்களை நியமித்தது உண்மையா என்று கேளுங்கள். நேர்காணலே இல்லாமல் வந்த நியமனம், இலவச மின்னஞ்சல் முகவரி, ‘சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்ற பேச்சு, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது: இதில் ஒன்று இருந்தாலும் விலகிவிடுங்கள்.

எப்போது விண்ணப்பிப்பது, இப்போதைய வேலையை எப்போது விடுவது?

இங்கிலாந்து ஆசிரியர்கள் வேலையை விடுவதற்கு அறிவிப்புக் கெடு மூன்று: அக்டோபர் 31, பிப்ரவரி 28, மே 31. செப்டம்பரில் சேர்வதற்கான விளம்பரங்கள் ஜனவரியிலிருந்து பெருகி, மே கடைசி வரை ஓடுவது இதனால்தான். ஜூன் மாதம் தேடத் தொடங்குபவருக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். பன்னாட்டுப் பள்ளிகள் இன்னும் முந்திக்கொள்கின்றன. ஆகஸ்டில் தொடங்கும் ஆண்டுக்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே ஆள் தேடத் தொடங்குவார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கல்வியாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தொடங்குகிறது.

நியமனக் கடிதம் வந்ததும் ராஜினாமா எழுதுவது மிகப் பெரிய தவறு. பதிவு எண், பள்ளியின் ஸ்பான்சர்ஷிப் சான்று, விசா இந்த மூன்றும் வந்த பிறகே எழுதுங்கள். முன்னறிவிப்புக் காலம் மூன்று மாதம் என்றால் அதைப் புதிய பள்ளியிடம் நேர்காணலிலேயே சொல்லி, சேரும் தேதியை அதற்கேற்ப வாங்குங்கள். நீண்ட விடுப்புக்கு வழி இருந்தால் ராஜினாமாவுக்கு முன் அதைக் கேட்டுப் பாருங்கள். கிளம்பும் முன்பு, தலைமையாசிரியரிடமிருந்து தேதிகள், வகுப்புகள், பாடங்கள், வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்ற விவரங்களோடு அனுபவச் சான்றை இரண்டு அசல் பிரதியாக வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு கழித்து வேறு மாநிலப் பதிவுக்கோ சம்பளப் படிக்கோ அதை மறுபடி கேட்பார்கள்.